நாயனா பிள்ளையைக் கேட்பது

என்னிடம் இருக்கும் கர்நாடக இசைப் பதிவுகளில் ஏறத்தாழப் பாதி, ஒரே ஒரு மனிதரை முன்னிட்டுச் சேர்ந்தவை. அந்த மனிதரின் குரல் அவற்றுள் எதிலும் இல்லை.

காஞ்சிபுரம் நாயனா பிள்ளை இசைத்தட்டுக்குப் பாட இசைந்ததில்லை. 1889இல் பிறந்து 1934இல் மறைந்தவர் அவர். அவர் புகழின் உச்சியில் இருந்த ஆண்டுகளில் கிராமபோன் பெட்டி ஜமீன் மாளிகைகளைத் தாண்டி, வசதியுள்ள வியாபாரிகளின் கூடத்துக்கு வந்து, பிறகு காப்பிக் கடை வாசலுக்கும் வந்துவிட்டிருந்தது. அவரைவிடச் சிறியவர்கள், அவர் பெயர் சொல்லி மேடையேறியவர்கள், நாடக மேடையில் ஒரு பருவம் பாடியவர்கள் எல்லோரும் அரக்குத் தட்டுகளில் இருக்கிறார்கள். லயத்தில் அவர் காலத்தில் நிகரற்றவர் என்று சக வித்வான்களே ஒப்புக்கொண்ட ஒருவர் மட்டும் இல்லை.

தமிழ் இலக்கியம் படித்தவனுக்கு இது பழக்கமான ஏமாற்றம்தான். வளையாபதியையும் குண்டலகேசியையும் ஐம்பெருங்காப்பியங்களில் எண்ணிவிட்டு, நூல் எங்கே என்று மாணவன் கேட்டால், புறத்திரட்டிலும் உரைகளிலும் மேற்கோளாகத் தப்பிப் பிழைத்த சில பாடல்களைக் காட்டுகிறோம். முழு நூல் போயிற்று; அதைப் படித்தவர்கள் எடுத்தாண்டவை மட்டும் நிற்கின்றன. நாயனா பிள்ளையும் எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தார். அவரைக் கேட்டவர்களை நான் கேட்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் வீட்டிலேயே இசைத்தட்டு இருந்தது. காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் அவருக்குப் பெரியம்மா. தனகோடி அம்மாளும் அவருடைய தங்கை காமாட்சி அம்மாளும் சேர்ந்து பாடியவர்கள். அந்தக் காமாட்சி அம்மாளின் மகன்தான் நாயனா பிள்ளை. இயற்பெயர் சுப்பிரமணியம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தென்னிந்தியாவில் முதன்முதலாகப் பதிவான குரல்களில் தனகோடி அம்மாளுடையதும் ஒன்று. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய தட்டுகளைத் தொடர்ந்து கம்பெனிக்காரர்கள் மதராஸ் பக்கம் வந்தபோது, பெயர் பெற்ற ஆண் வித்வான்களில் பலர் அந்தக் கூம்பின் முன் நிற்கத் தயங்கினார்கள். குரல் போய்விடும் என்றார்கள். கண்ட இடத்திலும் கண்டவர்களும் கேட்பார்கள் என்றார்கள். இசையைத் தொழிலாகவும் குலதனமாகவும் கொண்டிருந்த பெண்கள் தயங்கவில்லை. நம் மரபின் மிகப் பழைய ஒலிச்சான்றுகளில் பெரும்பங்கு அவர்களால்தான் நமக்கு மிஞ்சியிருக்கிறது.

தனகோடி அம்மாளின் தட்டை முதலில் கேட்பவர்களுக்கு அது பாட்டாகவே தோன்றாது. அடுப்பில் எதையோ வறுக்கிற இரைச்சல். அதற்குள் எட்டாத தூரத்தில் ஒரு குரல். நாலைந்து முறை கேட்டபின் இரைச்சல் விலகிக் குரல் முன்னால் வரும். காதுதான் பழக வேண்டும்; எந்த மென்பொருளாலும் அதைச் செய்ய இயலாது. மென்பொருளால் இரைச்சலை அகற்றிய படிகளும் உண்டு. அவற்றில் இரைச்சலோடு கமகமும் போய்விடுகிறது, கறை நீக்கப் போய் ஜரிகையையும் உருவிவிட்ட புடவை போல. நான் இரைச்சலோடுதான் வைத்துக்கொள்கிறேன்.

பழைய தட்டுகளை ஒப்பிடத் தொடங்கியவுடன் முட்டிக்கொள்ளும் முதல் சுவர் வேகம். '78' என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், 1920களின் நடுப்பகுதிக்கு முன் பதிவான தட்டுகள் நிமிடத்துக்குச் சரியாக 78 சுற்று என்ற கணக்கில் எடுக்கப்பட்டவை அல்ல. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து எண்பதைத் தாண்டியும் போகும். 74இல் எடுத்த தட்டை 78இல் ஓட்டினால் ஏறக்குறைய அரை ஸ்வரம் சுருதி ஏறிவிடும், கூடவே காலப்பிரமாணமும் துரிதமாகும். 'அக்காலத்துப் பெண்கள் எவ்வளவு உச்ச சுருதியில் பாடினார்கள் பாருங்கள்' என்று வியக்கிற கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம், இவர் எந்த வேகத்தில் கேட்டார் என்றுதான் எனக்குத் தோன்றும். தனகோடி அம்மாளின் ஒரு தட்டையே மூன்று வேகங்களில் படியெடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றில் சிறுமி பாடுகிறாள். ஒன்றில் நடுவயதுப் பெண். மூன்றாவதில் கம்பீரமான, சற்றே களைத்த ஒரு குரல். அவர் பாடிய காலத்து வயதை எண்ணிப் பார்த்தால் மூன்றாவதுதான் பொருந்துகிறது. நிரூபிக்க வழியில்லை.

பெரியம்மா பாடிய தட்டுக்கு மகன் ஏன் பாடவில்லை? நாயனா பிள்ளையைப் பற்றிய கதைகளில் இதற்குப் பல விடைகள் உலவுகின்றன. கௌரவம் என்பார்கள், பிடிவாதம் என்பார்கள். இருக்கலாம், பிடிவாதக்காரர்தான். இளம் வயதில் மல்யுத்தத்தில் திரிந்துவிட்டு, காலம் கடந்து இசைக்குள் வந்து, அசுர சாதகத்தால் முன்னே போனவர் என்றுதான் அவர் வரலாறு தொடங்குகிறது. ஆனால் எனக்குக் கதைகளைவிடக் கணக்கு சரியாகப் படுகிறது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம், சற்றுக் கூடுதலாக. பன்னிரண்டு அங்குலத்தில் நான்கு, நான்கரை. நூற்றெட்டுத் தாளங்களில் சிம்மநந்தனத்துக்கு 128 அட்சரம். அட்சரத்துக்கு ஒரு வினாடி வைத்தாலும் ஒரே ஓர் ஆவர்த்தனம் முடிய இரண்டு நிமிடம் எட்டு வினாடி ஆகும். பல்லவியை ஒருமுறை பாடி, மறுமுறை எடுத்துப் பாதியில் போகும்போது ஊசி தட்டின் நடுவுக்கு வந்துவிடும். இவ்வளவு பெரிய தாளம் வேண்டாம். விளம்ப காலத்தில் ஓர் ஆதி தாளப் பல்லவியை எடுத்துக்கொண்டு, அதை நிரவல் செய்து, அனுலோமம் பிரதிலோமம் காட்டி, ஸ்வரம் பாடுகிறவருக்கு மூன்று நிமிடம் என்பது தொண்டையைச் செருமிக்கொள்ளும் நேரம்.

மூன்று நிமிடத்தில் அற்புதங்கள் நடந்திருக்கின்றன, மறுப்பதற்கில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டைக் கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முசிறி சுப்பிரமணிய ஐயரின் 'நகுமோமு' ஒரு கிருதியின் தலையெழுத்தையே மாற்றிய தட்டு. ஆனால் ராக ஆலாபனையைச் சாறு பிழிந்து தரலாம், ஒரு கிருதியைச் சங்கதிகளைக் குறைத்து அடக்கிவிடலாம். லய விவகாரத்தைச் சுருக்க முடியாது. கணக்கு என்பது முழுதாக இருந்தால்தான் கணக்கு. வெண்பாவின் மூன்றாம் அடியோடு நிறுத்திவிட்டு மீதியை ஊகித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல முடியுமா என்ன?

இன்னொன்றும் உண்டு. நாயனா பிள்ளையின் கச்சேரிக்கு 'ஃபுல் பெஞ்ச்' என்று பெயர். நீதிமன்றத்திலிருந்து ரசிகர்கள் இரவல் வாங்கிய சொல். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறைந்திருக்கும். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை போன்ற மலைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடியவர் அவர். 1925 வாக்கில் மைக் மூலம் மின்பதிவு வரும் வரை, பதிவு என்றால் ஒரு தகரக் கூம்பின் முன் நெருக்கியடித்து நிற்பதுதான். கூம்புக்கு அருகில் இருப்பவர் குரல் விழும். பின்னால் இருப்பவரின் மிருதங்கம் எங்கோ கதவு தட்டும் ஓசையாகக் கேட்கும். அந்நாளைய தட்டுகள் பலவற்றில் தாளவாத்தியம் இருக்கிறதா இல்லையா என்பதே ஊகம்தான். இந்தக் கஷ்டம் மேற்கிலும் இருந்தது. 1913இல் ஆர்தர் நிகிஷ் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழுவை வைத்துப் பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபனியைத் தட்டுத் தட்டாக உடைத்துப் பதிவு செய்தார். கூம்புக் காலத்தில் ஒரு முழு இசைக்குழுவை அந்தச் சிறு அறைக்குள் நிறுத்த முடியாததால் வாத்தியக்காரர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும், ஆழ்ந்த சுருதித் தந்தி வாத்தியங்களுக்குப் பதில் ஊதும் வாத்தியம் வைப்பதும் அங்கே வழக்கம். சிம்ஃபனி அதைத் தாங்கிக்கொண்டது, ஏனெனில் அதற்கு எழுதப்பட்ட பிரதி ஒன்று இருக்கிறது. தட்டில் குறைந்ததை அடுத்த தலைமுறைக்காரர் அதே பிரதியை வைத்துக்கொண்டு நிறைவாக வாசித்துவிடுவார். நாயனா பிள்ளையின் ஃபுல் பெஞ்சுக்குப் பிரதி ஏது? அந்த ஆறேழு பேரும்தான் பிரதி.

மேற்கத்திய இசைப் பதிவு சேகரிக்கும் நண்பர் ஒருவர் என்னிடம், ஃபுர்ட்வெங்ளரும் டோஸ்கனினியும் ஒரே சிம்ஃபனியை எப்படி வெவ்வேறாக வாசிக்கிறார்கள் என்று இரவெல்லாம் பேசுவார். ஒருவர் இழைக்கிறார், மற்றவர் விரைகிறார். எழுதியது ஒன்று, வாசிப்பு இரண்டு. அவர் ஒப்பிடுவது உரைகளை. பரிமேலழகரையும் மணக்குடவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது போன்றது அது. குறள் நடுவில் அசையாமல் இருக்கிறது. நான் செய்வது வேறு வேலை. எனக்கு மூலம் இல்லை. ஏடுகள் மட்டும் உண்டு. ஒன்றுக்கொன்று மாறுபடும் அந்த ஏடுகளை ஒப்புநோக்கி, எல்லா ஏட்டிலும் ஒத்திருப்பது எது, எழுதியவர் கைவரிசை எது என்று பிரித்துப் பார்த்து, பின்னால் இருந்திருக்கக்கூடிய ஒன்றை ஊகிக்க வேண்டும். உ.வே.சா. சிந்தாமணிக்கு ஊர் ஊராக ஏடு தேடியதைச் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறவனுக்கு இந்தப் பித்து பிடித்ததில் ஆச்சரியமில்லை.

ஏடுகள் மூன்று குடும்பங்களாகப் பிரிகின்றன.

முதல் குடும்பம் நேர்ச்சீடர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898–1975). குருவோடு உடனிருந்து, உடன் பாடி வளர்ந்தவர். அவருக்கு இசைத்தட்டு விலக்கல்ல. ஆனந்தபைரவியில் 'மதுராநகரிலோ' அவர் பெயரை ஆந்திரத்திலும் தமிழகத்திலும் வீடு வீடாகக் கொண்டுபோன தட்டு. ஆனால் நான் அவரைத் தேடுவது அதில் அல்ல. பிற்கால வானொலிப் பதிவுகளிலும், யாரோ ரசிகர் கல்யாணக் கச்சேரியில் மைக்குக்குப் பக்கத்தில் டேப் ரிக்கார்டரை வைத்து எடுத்தவற்றிலும்தான். அவருடைய சாரீரம் இனிமையானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதில் ஒரு கரடு உண்டு. ஸ்வரத்துக்கு வந்ததும் அந்தக் கரடே கட்டுமானமாகிவிடும். கல் அடுக்குவது போல் ஒவ்வொரு ஆவர்த்தனமும் வந்து உட்காரும். அவருடைய மாணவர் மதுரை சோமு (1919–1989) இந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளை. சோமுவிடம் கணக்கும் உண்டு, கண்ணீரும் உண்டு. கண்ணீர் மதுரையுடையது, முருகனுடையது என்று நினைக்கிறேன். காஞ்சியிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது குடும்பம் வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும். சிறுமிகளாகக் காஞ்சிக்கு அனுப்பப்பட்டு நாயனா பிள்ளையிடம் தியாகராஜ கிருதிகளைப் பெருந்தொகையாகக் கற்றவர்கள். இது எனக்கு நெடுநாள் விளங்காத புதிர். தனம்மாள் வீட்டின் இசை விளம்பகாலத்தில் மிதப்பது. வீணைத் தந்தியின் இழுப்பைத் தொண்டையில் கொண்டுவருவது. நாயனா பிள்ளையின் மேடையோ தாளவாத்தியங்கள் முழங்கும் களம். எங்கே எது ஒட்டியது? டி. பிருந்தா (1912–1996) தட்டுகளை நம்பிப் பாடியவர் அல்லர். நமக்கு வாய்த்தவை வானொலிப் பதிவுகளும், சிறு சபைகளில் எடுத்தவையும், 1960களின் இறுதியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கச் சென்ற காலத்தோடு ஒட்டியவையும்தான். அவர் பாடும் பதங்களைக் கேட்டுவிட்டு, அதே இரவில் அவர் பாடும் ஒரு தியாகராஜ கிருதியைக் கேட்க வேண்டும். கிருதியில் தாளம் வெளியே தெரியாது. ஆனால் அது இம்மியும் நகராது. விரித்த பாயின் கீழே கல்தரை இருப்பது போல.

மூன்றாவது குடும்பம் சிக்கலானது, எனக்கு மிகவும் பிரியமானதும் அதுவே. டி.கே. பட்டம்மாள் (1919–2009) காஞ்சியில் பிறந்து வளர்ந்தவர். நாயனா பிள்ளையிடம் முறையாகக் குருகுலவாசம் செய்தவர் அல்லர். சிறுமியாக அவர் கச்சேரிகளைக் கேட்டுவிட்டு, வீடு திரும்பியதும் சகோதரர்களின் துணையோடு கிருதிகளை நினைவிலிருந்து மீட்டு எழுதி வைத்துக்கொண்டவர். கம்பெனிக்காரர்களின் கூம்பை விரட்டிய மனிதரை, பாவாடை கட்டிய ஒரு சிறுமி பதிவு செய்துகொண்டு போயிருக்கிறாள்! அவர் மேடையில் ராகம் தானம் பல்லவி பாடப் புகுந்தபோது, பெண்களுக்கு அது எதற்கு என்று கேட்ட காலம். அந்தத் துணிவுக்கு வித்து எங்கே விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை. அவரிடம் கற்ற தம்பி டி.கே. ஜயராமனின் (1928–1991) பதிவுகளையும் இதே வரிசையில் வைக்கிறேன்.

ஒப்புநோக்கும் முறை எளியதுதான். ஒரு கிருதியின் தொடக்கத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று நிறுத்துகடிகாரத்தால் குறித்துக்கொள்கிறேன். நிரவலில் ஒருமுறை. ஸ்வரத்தின் முடிவில் ஒருமுறை. பெரும் பாடகர்கள் பலரிடமும் ஸ்வரம் சூடு பிடிக்கும்போது காலம் ஓடத் தொடங்கும். அவையும் அதற்குத்தான் கைதட்டும். சித்தூராரிடமும் பிருந்தாவிடமும் பட்டம்மாளிடமும் அந்த ஓட்டம் மிகக் குறைவு. குரலில் ஒற்றுமை இல்லை, பாணியில் இல்லை, ரசிகர் கூட்டத்தில் இல்லை. தொடங்கிய இடத்திலிருந்து காலத்தை அசைக்காமல் கொண்டுசெல்லும் அந்த ஒன்றில் மூவரும் உடன்பிறந்தவர்கள். இதை நான் நாயனா பிள்ளையின் கையெழுத்து என்று கொள்கிறேன்.

ஏடு பார்ப்பவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள், குறுக்கிட வேண்டும். ஏடுகள் ஒன்றையொன்று பார்த்துப் படியெடுக்கப்பட்டிருந்தால்? பட்டம்மாளின் தீட்சிதர் கிருதிகள் அம்பி தீட்சிதர் வழி வந்தவை. அவற்றின் நிதானம் அங்கிருந்தே வந்திருக்கலாம். பிருந்தாவின் நிதானத்துக்குப் பாட்டி போதும், காஞ்சி வேண்டியதில்லை. அதனால் தீட்சிதர் கிருதிகளையும் பதங்களையும் ஒதுக்கிவிட்டுத் தியாகராஜ கிருதிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாயனா பிள்ளைக்கே அவற்றில் பலவற்றைத் தந்தவர் ஜலதரங்கம் ரமணய்யா செட்டியார் என்பதால், அதற்கு மேல் ஒரு படி போனால் நிலம் வழுக்கத் தொடங்குகிறது. இவ்வளவு கழித்தபின்னும் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் மூன்று குடும்பங்களிலும் இருக்கிறது.

திருப்புகழ் இன்னொரு தடயம். சந்தத்துக்குத் தாளம் கண்டு பெரும் கணக்கோடு மேடையில் திருப்புகழைப் பாடியது அவருடைய சிறப்பு. தெலுங்குக் கிருதிகளே கச்சேரி என்றிருந்த நாளில் அது சிறு காரியமில்லை. பட்டம்மாளும் சோமுவும் அதை விடாமல் வைத்திருந்தார்கள். தமிழிசை இயக்கத்தைப் பற்றி எழுதும் நம்மவர்கள் 1940களிலிருந்து தொடங்குவதே வழக்கம். காஞ்சியில் அருணகிரியைத் தாளத்தோடு மோதவிட்டுக்கொண்டிருந்த இந்த மனிதரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

இவற்றைச் சேர்த்த கதை பெரிதல்ல. 78களில் சில, காயலாங்கடைகளில் எடைக்கு வாங்கியவை. அரக்குத் தட்டு கை தவறினால் அப்பளம் போல நொறுங்கும். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாலும் ஒன்றிரண்டு போகும். கேசட்டுகள் பெரும்பாலும் பண்டமாற்று. நீங்கள் ஒரு பட்டம்மாள் தந்தால் அவர் ஒரு பிருந்தா தருவார். சேகரிப்பாளர்களில் ஒரு சாதி உண்டு: பட்டியலைக் காட்டுவார்கள், நாடாவைக் காட்டமாட்டார்கள். அவர்கள் காலமானபின் வாரிசுகள் மூட்டையாகக் கட்டிப் பரணில் போடுவார்கள். நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு மழைக்காலம் போதும், நாடா முழுக்கப் பூஞ்சை. இன்று இணையத்தில் எல்லாம் கிடைக்கிறது என்பது பாதி உண்மை. கிடைக்கிறது, தவறான பெயரோடு, தவறான வேகத்தில். சங்கீதப்ரியா போன்ற தன்னார்வலர் முயற்சிகள் இல்லாவிட்டால் அந்தப் பாதியும் இல்லை.

கிடைக்காததற்கு ஈரம் மட்டும் காரணமில்லை. தட்டு இருந்திருக்கக்கூடிய வீடுகளில் சிலவற்றில் நான் கேட்டுப் பார்த்ததுண்டு. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தபின், அந்த மரபின் குடும்பங்கள் பலவும் பாட்டை நிறுத்தின, பெயரை மாற்றிக்கொண்டன, ஊரை மாற்றிக்கொண்டன. பேத்தி நல்ல வேலையில் இருக்கிறாள், சம்பந்தம் பேச வருகிறவர்கள் இருக்கிறார்கள். கூடத்தில் பாட்டியின் தட்டை வைத்துக்கொள்ள முடியாது. ஒரு வீட்டில், 'அப்படி யாரும் இங்க பாடினதில்லீங்க' என்று சொல்லிவிட்டு, நான் வாசல் இறங்கும்போது அந்த அம்மாள் பின்னாலேயே வந்து, 'அந்தத் தட்டெல்லாம் கெணத்துல போட்டாச்சு' என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை. எந்த மௌனத்தின் மீது என் சேகரம் அடுக்கப்பட்டிருக்கிறது என்பது மட்டும் அதன்பிறகு ஒவ்வொரு முறை தனகோடி அம்மாளைக் கேட்கும்போதும் நினைவுக்கு வரும்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு முதிய நெசவாளர். அவர் நாயனா பிள்ளையைக் கேட்டவர் அல்லர். அவருடைய தகப்பனார் கேட்டவர். காஞ்சியில் நாயனா பிள்ளை ஆண்டுதோறும் தியாகராஜ உற்சவம் நடத்தியதும், வித்வான்கள் திரண்டு வந்ததும் இசை வரலாற்றில் உள்ள செய்தி. அந்தக் கூட்டத்தின் பின்வரிசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அதில் இல்லை.

'அப்பா சொல்லுவாரு சார்,' என்றார். 'தெலுங்குப் பாட்டு, அர்த்தம் தெரியாது. ஆனா எண்ணிக்கை தெரியும். நாங்க பாவுல இழை எண்ற சனங்கதானே? அவரு எங்க போனாலும் விடாம எண்ணிக்கிட்டே இருப்பாங்களாம். எங்கியோ சுத்திட்டு அவரு வந்து நிக்கிற எடத்துல, இவங்க எண்ணிக்கையும் வந்து நிக்குமாம். அப்போ ஒரு சத்தம் எழும்பும்பாரு கூட்டத்துல.'

தறி ஓடிக்கொண்டிருந்தது. உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா, மூன்று நாடாவில் இருவர் சேர்ந்து நெய்யும் கோர்வைப் புடவை. உடல் நிறமும் கரை நிறமும் இழை பிசகாமல் பூட்டிக்கொள்ளும் அந்த இடத்துக்குத்தான் கோர்வை என்று பெயர். மிருதங்கக்காரரும் பாடகரும் கணக்கு முடித்து ஒன்றாக வந்து விழும் இடத்துக்கும் அதே பெயர். இரண்டு சொல்லும் ஒரு சொல்தானா என்று அகராதியைப் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பின்வரிசைக்கு அது ஒரு கேள்வியாகவே இருந்திருக்காது.

அவரிடம் கைபேசியில் சித்தூராரின் ஒரு பல்லவியைப் போட்டுக் காட்டினேன். தறியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார். விரல் தொடையில் எண்ணிக்கொண்டிருந்தது. பதிவு நடுவில் அறுந்தது. கேசட்டின் பக்கம் அங்கே முடிகிறது, மறுபக்கம் திருப்புவதற்குள் எடுத்தவர் என்ன செய்தாரோ, மறுபக்கத்தில் துக்கடா தொடங்கிவிடுகிறது. முதியவர் கையை எடுக்காமல் இன்னும் சிறிது நேரம் எண்ணினார். பிறகு, 'முடியல சார், இன்னும் பாதி பாக்கி இருக்கு' என்றார். சரிதான். நானும் அந்தப் பாதியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். 33⅓ சுற்று நெடுந்தட்டு 1948இல் அமெரிக்காவில் வந்தது, நாயனா பிள்ளை போய்ப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். நம் ஊருக்கு அது வந்து சேர்ந்த பிறகும், பல்லவியை முழுமையாகப் பாடவிட்டு எடுக்கும் பொறுமை கம்பெனிகளுக்கு எளிதில் வரவில்லை. ஆகவே முழுப் பல்லவி எங்காவது இருந்தால் அது யாரோ ஒரு ரசிகரின் ஸ்பூல் நாடாவில்தான் இருக்க முடியும்.

சென்ற ஆண்டு அப்படி ஒன்று வந்தது. வேலூர்ப் பக்கம் ஒரு வீட்டைக் காலி செய்தபோது கிடைத்ததாக, என் பழைய மாணவன் கொண்டுவந்து கொடுத்தான். அட்டைப் பெட்டியின் மேல் பென்சிலில் எழுதியிருக்கிறது: 'சித்தூரார். கல்யாணம். பல்லவி முழுசும்.' ஆண்டு இல்லை, ராகம் இல்லை. நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. உட்புறம் தெளிவாக இருப்பது போல்தான் தெரிகிறது. அதை ஓட்டும் இயந்திரம் சென்னையில் இருவரிடம் இருக்கிறது. ஒருவருடையது பெல்ட் அறுந்து கிடக்கிறது. மற்றவர், பூஞ்சை பிடித்த நாடாவை என் இயந்திரத்தில் ஏற்றமாட்டேன், முதலில் சுத்தம் செய்து வாருங்கள் என்கிறார். அவர் சொல்வது நியாயம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் நூல் விடாத துணியும் வாங்கி வைத்திருக்கிறேன். மழை நின்று வெயில் வர வேண்டும். ஈரக் காற்றில் அந்தப் பெட்டியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.